டிக்கெட்டில் ஒரு நேரம், கணக்கில் ஒரு நேரம்: விமானத் தூரம் பற்றிய கேள்விகள்

பெங்களூரு–துபாய் தூரம் ஓரிடத்தில் 2,695, இன்னோரிடத்தில் 1,675, மற்றோரிடத்தில் 1,455 என்று காட்டுகிறதே? (காரிமங்கலம்)

மூன்றும் ஒன்றுதான். முதலாவது கிலோமீட்டர், அடுத்தது மைல், கடைசியாக இருப்பது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. விமானிகள் அதில்தான் கணக்குப் போடுவார்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வித்தியாசம் வந்தால் கண்டுகொள்ள வேண்டாம். பூமியை முழு உருண்டையாக எடுத்தார்களா, துருவங்களில் சற்றுத் தட்டையாக எடுத்தார்களா என்பதிலேயே அது வந்துவிடும்.

மகன் டிக்கெட்டில் காலை 4.00 புறப்பாடு, 6.30 துபாய். இரண்டரை மணி நேரத்தில் போய்விடுமா? (பாலக்கோடு)

போகாது. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அதைக் கூட்டினால் 4 மணி நேரம். சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால் என்பதால் அங்கே கழிக்க வேண்டும்.

சரிபார்க்க ஒரு கைக்கணக்கு: கிலோமீட்டர் தூரத்தை 800-ஆல் வகுத்து, வரும் மணி நேரத்தோடு 35 நிமிடம் கூட்டுங்கள். துபாய்க்கு 3 மணி 22 நிமிடமும் 35-ம் சேர்ந்து நான்கு மணியை ஒட்டி வரும். அந்த 35 நிமிடம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது, வரிசையில் காத்திருப்பது. ஜெட் விமானத்துக்கு மட்டுமே இது பொருந்தும்.

திரும்பி வரும்போது மட்டும் ஏன் சீக்கிரம்?

உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்று. வரும்போது தள்ளிவிடும், போகும்போது எதிர்க்கும். மார்கழி, தை மாதங்களில் வளைகுடாப் பக்கம் இதன் வேகம் கூடுதல்.

துபாய் விமானம் பகல் 2 மணிக்கு. கிருஷ்ணகிரியிலிருந்து எப்போது கிளம்பலாம்?

காலை 10 மணி விமானம் என்றால் சுலபம்: அதிகாலை 3.30-க்குக் கிளம்பினால் போதும், சாலை காலியாக இருக்கும். பகல் 2 மணி விமானம்தான் வம்பு. பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி நேர்கோட்டில் 93 கி.மீ.; சாலையில் சுமார் 130. 11 மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்று 7-க்குக் கிளம்பினால், பெங்களூருவில் நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பை அலுவலக நேரத்தில் சரியாகப் போய்த் தொடுவீர்கள், அடுத்து அதே போன்ற ஹெப்பாள். ஒன்று, 5 மணிக்கே கிளம்பி நகரத்தைத் தாண்டிவிடுங்கள். இல்லை, ஓசூரில் பிரிந்து மாலூர், ஒசகோட்டை வழியாகப் போங்கள். அது குறுகலான சாலை. பகலில் மட்டும் போவது நல்லது. வெளிநாட்டு விமானங்கள் எல்லாம் டெர்மினல் 2 என்பதை ஓட்டுநரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சென்னைக்குச் சேலம் விமானம் லாபமா? (நல்லம்பள்ளி)

எந்தப் பகுதிக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விமான நிலையம் ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் இருப்பதால் நீங்கள் சேலம் ஊருக்குள் போகவே வேண்டாம். சென்னை அங்கிருந்து நேர்கோட்டில் 265 கி.மீ.தான். ஆனால் இந்தத் தடத்தில் பறப்பது ஜெட் அல்ல, விசிறி வைத்த ஏடிஆர் ரக விமானம். வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவு. ஆகவே ஒரு மணி நேரம் பிடிக்கும். வீட்டுப் படி இறங்கி மீனம்பாக்கத்தை விட்டு வெளியே வர மூன்றரை, நான்கு மணி நேரம். காரில் ஐந்தரை, ஆறு. கிண்டி, தாம்பரம் என்றால் விமானம். செங்குன்றம் பக்கம் என்றால் மிச்சமாகும் நேரம் நகர நெரிசலிலேயே கரைந்துவிடும். விமானத்தில் போவதென்றால், வழியில் உள்ள தொப்பூர் கணவாய்க்கு அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். அங்கே ஒரு லாரி சாய்ந்தால் போதும், விமானம் போய்விடும்.