பள்ளி ஆண்டு விழா நாடகத்துக்குக் குறைந்த செலவில் நிஜம் போலத் தெரியும் செட் போடுவது எப்படி?

பள்ளி, கல்லூரி நாடகங்களுக்கு செட் போடுவது என் பல வருட வேலை. பெரிய பெரிய செட்டுகளுக்குப் பேர்போன நடிகர் ஆர்.எஸ். மனோகர் நாடகங்களின் பிரம்மாண்டம் நமக்குத் தேவையில்லை. ஆள் புழங்கிய தடம் இருந்தால் சாதாரணச் சுவரையே ஜனங்கள் நம்பிவிடுவார்கள். நான் அதிக நேரம் செலவிடுவது கறைக்குத்தான்.

கிராமத்து மண்சுவரையே எடுத்துக்கொள்ளுங்கள். ரீப்பர் கட்டையில் (மெல்லிய, நீளமான மரக்கட்டை) 8க்கு 4 அடிச் சட்டம் அடித்து, நாலு மூலையிலும் முக்கோணப் பிளைவுட் துண்டு வைத்து ஆணி அடியுங்கள். இல்லாவிட்டால் தூக்கும்போது கோணிக்கொள்ளும். அதன்மேல் காடாத்துணியை இழுத்துக் கட்டி மைதாப் பசை பூசினால், காய்ந்ததும் விறைப்பாக நிற்கும். அடுத்த பூச்சுக்குப் பசையில் மரத்தூள் கலந்து கையாலேயே அப்புங்கள். மண்சுவர் மெழுகிய கைத்தடம் தானாக வந்துவிடும்.

முதல் வர்ணம் அடர் காவி டிஸ்டெம்பர். காய்ந்த பிறகு, வெளிர் நிறத்தைப் பிரஷ்ஷில் ஒட்டியும் ஒட்டாமலும் தொட்டு மேலாகத் தேய்த்தால் மேடுகள் மட்டும் நிறம் பிடிக்கும், பள்ளங்கள் இருட்டாகவே இருக்கும். இனிமேல்தான் எனக்குப் பிடித்த வேலை. சுவரின் அடியில் ஒரு முழத்துக்கு மழை தெறித்த செம்மண் கறை. விளக்கு மாடத்துக்கு மேலே புகை ஏறிய கரி. கரித்தூளை விரலால் மேல்நோக்கி இழுத்தால் போதும். திண்ணைக்குப் பின்னால், பாட்டி தலை சாய்த்துச் சாய்த்துப் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு.

தூணுக்கு தெர்மாகோல் நல்லது. ஆனால் ஒருமுறை அவசரத்தில் அதன்மேல் நேராக ஸ்ப்ரே பெயின்ட் அடித்துவிட்டேன். அதிலிருந்த கரைப்பான் பட்டு, கண்ணெதிரே தூண் குழிகுழியாகக் கரைந்தது. மறுநாள் நாடகம், விடிய விடிய வேறு தூண் செய்தோம். செய்தித்தாளைப் பசையில் நனைத்து இரண்டு சுற்று ஒட்டி, தண்ணீரில் கலக்கும் பெயின்ட்டையே அடியுங்கள். தெர்மாகோல் சட்டென்று தீப்பிடிக்கும். அகல்விளக்கு, சூடேறும் ஃபோகஸ் லைட் எதுவும் அதன் பக்கத்தில் வரக் கூடாது.

செட்டுக்குப் பின்னால் சாய்வுக் கட்டை கொடுத்து மணல் மூட்டை வையுங்கள். லைட்டை நேர் எதிரே வைக்காமல் பக்கவாட்டில் வைத்தால்தான் நீங்கள் அப்பிய மேடுபள்ளம் நிழல் காட்டும். கடைசி ஒத்திகையின்போது பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். கிட்ட நின்று பார்த்தவர்கள் கறை அதிகம் என்பார்கள். துடைத்துவிடாதீர்கள்.