முரண்புதிர்கள் (தமக்குத் தாமே முரண்படுவதாகத் தோன்றும் புதிர்கள்) மனித அறிவுக்கு எல்லை உண்டு என்று நிரூபிக்கின்றனவா?

எல்லா முரண்புதிர்களும் அல்ல. பாதித் தூரம், மீதியில் பாதி என்று போய்க்கொண்டே இருந்தால் போய்ச் சேரவே முடியாது என்ற சீனோவின் புதிரில் கணக்குச் சிக்கல் தீர்ந்துவிட்டது: 1/2 + 1/4 + 1/8 என்று நீளும் தொடரின் கூட்டுத்தொகை 1. தன்னையே உறுப்பாகக் கொள்ளாத கணங்கள் எல்லாம் சேர்ந்த கணம் தன்னையே உறுப்பாகக் கொள்ளுமா என்பது ரஸ்ஸல் 1901இல் கண்ட முரண். அதில் கோளாறு கணங்களை அமைக்கும் விதிகளில் இருந்தது, விதிகளைத் திருத்தினார்கள்.

உண்மையான எல்லையைப் பார்க்க வேண்டுமென்றால் கணித அறிஞர் ஆலன் டூரிங்கின் 1936ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு வர வேண்டும். இன்று வழக்கமாகச் சொல்லப்படும் வடிவம் இது. எந்தக் கணினி நிரலையும் அதற்கான உள்ளீட்டையும் கொடுத்தாலும், அது ஓடி நிற்குமா நிற்காதா என்று தவறாமல் பதில் சொல்லும் ‘அ’ என்ற நிரல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை உள்ளே வைத்து ‘ஆ’ என்று ஒன்று எழுதலாம். எந்த நிரலைக் கொடுத்தாலும், அந்த நிரலுக்கு அதையே உள்ளீடாகத் தந்தால் நிற்குமா என்று ‘ஆ’ முதலில் ‘அ’விடம் கேட்கும். “நிற்கும்” என்று பதில் வந்தால் முடிவில்லாமல் சுற்றும். “நிற்காது” என்றால் உடனே நின்றுவிடும். இப்போது ‘ஆ’வுக்கு ‘ஆ’வையே கொடுங்கள். ‘அ’ எந்தப் பதில் சொன்னாலும் பொய்யாகிறது. ஆகவே ‘அ’ இருக்கவே முடியாது.

பலர் சறுக்குவது இதற்கு அடுத்த படியில். எல்லா நிரல்களுக்கும் பொதுவான ஒரே முறை இல்லை என்றுதான் இது சொல்கிறது. ஒரு குறிப்பிட்ட நிரலைப் பற்றி அறியவே முடியாது என்று சொல்லவில்லை. டூரிங் எந்திரம் என்பது நாடாவில் குறிகளைப் படித்தும் எழுதியும் நகரும் கற்பனைக் கணினி. இரண்டே குறிகளும் ஐந்து நிலைகளும் கொண்ட அத்தகைய எந்திரங்களில், வெற்று நாடாவில் தொடங்கி நிற்பவை அதிகபட்சம் 4,71,76,870 படிகள் ஓடும் என்று 2024இல் நிரூபித்தே விட்டார்கள். ஒவ்வொரு வகை எந்திரத்துக்கும் தனித்தனி உத்தி தேவைப்பட்டது.

கணித அறிஞர் குர்ட் கூடலின் (Gödel) 1931ஆம் ஆண்டுத் தேற்றத்தையும் இப்படித்தான் கவனமாகப் படிக்க வேண்டும். ஓர் அடிகோள் அமைப்புக்குள் நிரூபிக்கவும் மறுக்கவும் முடியாத கூற்றுகள் இருக்கும் என்கிறது அது. அதற்கு நிபந்தனைகள் உண்டு: அடிகோள்களை (நிரூபணமின்றி ஏற்கும் தொடக்கக் கூற்றுகளை) எந்திர முறையில் பட்டியலிட முடிய வேண்டும், அவை ஒன்றுக்கொன்று முரணாகக் கூடாது, அடிப்படை எண்கணிதம் அந்த அமைப்புக்குள் அடங்க வேண்டும். காதல், சட்டம், கடவுள் பற்றிய விவாதங்களில் இந்தத் தேற்றத்தை இழுப்பவர்கள் மூன்றையும் விட்டுவிடுகிறார்கள். தவிர, ஓர் அமைப்பில் நிரூபிக்க முடியாதது அதைவிட வலுவான அமைப்பில் நிரூபணமாகலாம். எண் தொடர்களைப் பற்றிக் குட்ஸ்டைன் 1944இல் நிறுவிய தேற்றம் அப்படிப்பட்டது. பியானோ எண்கணிதம் என்ற, எண்களுக்கான வழக்கமான அடிகோள் அமைப்புக்குள் அதற்கு நிரூபணமே கிடையாது என்று கிர்பியும் பாரிஸும் 1982இல் காட்டினார்கள்.

நிபந்தனை தளர்ந்தால் எல்லையும் மறைந்துவிடும். பெருக்கலை விட்டுவிட்டு முழு எண்களின் கூட்டலை மட்டும் வைத்துக்கொண்டால், எந்தக் கூற்றும் சரியா தவறா என்று முடிவு செய்யும் முறை உண்டு. கணித அறிஞர் பிரெஸ்பர்கர் அதை 1929இலேயே கொடுத்துவிட்டார்.