டீக்கடை டம்ளரும் சட்டமும்: வக்கீலிடம் கேளுங்கள்

கே: எங்கள் தெரு ஆட்கள் போனால் பேப்பர் கப், மற்றவர்களுக்குக் கண்ணாடி டம்ளர். ஒரே டம்ளர்தானே இருக்கிறது, இது எப்படி இரட்டைக் குவளை ஆகும்?

ப: சாதிக்கு ஒரு டம்ளர் வைப்பதற்கு "இரட்டைக் குவளை" என்பது நாம் வைத்த பெயர். சட்டம் டம்ளரை எண்ணாது. பட்டியல் சாதியினர் கடைக்குள் வருவதையோ, பொதுவில் வைத்த பாத்திரத்தைப் பயன்படுத்துவதையோ தடுத்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(இசட்.ஏ) பிரிவில் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. 2015 திருத்தத்தில் வந்தது. தீண்டாமையைத் தண்டிக்கும் 1955 குடிமை உரிமைச் சட்டமும் உண்டு, ஆனால் அதன் 4ஆம் பிரிவில் உச்சமே 6 மாதம்தான். போலீஸில் அதை மட்டும் போட்டு அனுப்பப் பார்ப்பார்கள், விடாதீர்கள். டம்ளரில் கேளுங்கள். மறுத்தால் கடைக்காரர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி வையுங்கள், கூட ஒருவர் இருக்கட்டும். "இவர் என்ன சாதி என்றே தெரியாது" என்பார். உங்கள் குடும்பத்தை அறிந்தவர் என்றால், தெரியும் என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும் (வன்கொடுமைச் சட்டம், 8ஆம் பிரிவு). தெரியாது என்று நிரூபிப்பது அவர் பாடு.

கே: ஸ்டேஷனில் புகாரை வாங்கியதற்கு சிஎஸ்ஆர் ரசீது கொடுத்தார்கள், போதுமா?

ப: போதாது. எஃப்.ஐ.ஆர். நகல் இல்லாமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள்.

கே: கடைக்காரரும் பட்டியல் சாதி, வேறு பிரிவு.

ப: வன்கொடுமைச் சட்டம் வராது. 1955 சட்டம் வரும்.

கே: கோயில் நுழைவு பற்றி...

ப: இன்று டீக்கடை மட்டும்.

கே: பேப்பர் கப் வந்ததும் பிரச்சினை தீர்ந்தது. சுத்தத்தையும் சாதி என்பீர்களா?

ப: எல்லோருக்கும் பேப்பர் கப் என்றால் வாயே திறக்க மாட்டேன். (பிளாஸ்டிக் பூசிய கப் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை என்பது வேறு கதை.)

கே: எல்லோருக்கும்தான் கொடுக்கிறார். நானே பார்த்தேன்.

ப: பெஞ்சைப் பார்த்தீர்களா? கப்பை வாங்கிக்கொண்டு யார் உட்கார்கிறார், யார் வேப்பமரத்தடிக்குப் போகிறார்? என் அப்பா குடித்த டம்ளரை அவரே கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவார். இப்போது கசக்கி எறிந்தால் போதும். கழுவுகிற வேலை மிச்சம், அவ்வளவுதான். உட்காரச் சொல்லிப் பாருங்கள், பிறகு பேசுவோம்.

கே: சலூனில் முடி வெட்ட மறுக்கிறார்கள்.

ப: அதுவும் கடைதான். முதல் பதிலைப் படியுங்கள்.

கே: எஸ்.ஐ. விசாரிக்கிறார். சரியா?

ப: இல்லை. வன்கொடுமைச் சட்ட வழக்கை டி.எஸ்.பி.க்குக் குறைந்தவர் விசாரிக்கக் கூடாது. இழுத்தடித்தால் வன்கொடுமைத் தடுப்பு உதவி எண் 14566க்கு போன் அடியுங்கள்.

கே: ஐயா, சிஎஸ்ஆர் மட்டும் கொடுத்தார்கள்...

ப: மேலே போய்ப் படியுங்கள் தம்பி. படித்துவிட்டு, ரசீதோடு அதே ஸ்டேஷனுக்கு இன்றே திரும்பிப் போங்கள்.