உப்பைக் குறைத்து உப்புக்கண்டம் போடலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 58. ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் மாத்திரை சாப்பிடுகிறார். உப்பை நன்றாகக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆனால், உப்புக்கண்டம் என்றால் அவருக்கு உயிர். உப்பைக் கொஞ்சமாகப் போட்டு நானே மாடியில் காயவைத்துக் கொடுக்கலாமா? – வாசகி, சிவகங்கை.

பதில்: கொடுக்கலாம், ஆனால் மாடி வெயிலில் காயவைக்க வேண்டாம். உப்புக்கண்டத்தில் உப்பு சுவைக்காக மட்டும் சேர்க்கப்படுவதில்லை. என் பாட்டி ஆட்டுக்கறியை நீளவாக்கில் அரிந்து, உப்பும் மஞ்சளும் அள்ளிப் பிசறி, கோணி ஊசியால் நூலில் கோத்து முற்றத்துக் கொடியில் தொங்கவிடுவார். பச்சைக் கறியில் முக்கால் பங்கு தண்ணீர் என்பதால், அது சுண்டக் காய்வதற்குச் சில நாள்கள் ஆகும். அத்தனை நாளும் கிருமிகள் பெருகாமல் காத்து நிற்பது அந்த உப்புதான். அதைக் குறைத்துவிட்டு மற்றதையெல்லாம் பழையபடியே செய்தால் கறி காய்வதற்கு முன்பே கெடத் தொடங்கும். ஸ்டஃபைலோகாக்கஸ் என்னும் கிருமி கக்கிவைக்கும் நச்சு, பிறகு எண்ணெயில் பொரித்தாலும் அழியாது.

வழக்கமான முறையில் ஒரு கிலோ கறிக்கு 50 கிராம் உப்புப் போட்டால், காய்ந்தபின் எடை 350, 400 கிராமாகச் சுருங்கிவிடும். உப்போ அப்படியே உள்ளே தங்கிவிடும். 30 கிராம் துண்டுகளில் ஏறக்குறைய 4 கிராம் உப்பு இருக்கும். ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒரு கிலோவுக்கு 5 கிராம் மட்டும் போட்டால், அதே 30 கிராமில் நாம் சேர்த்த உப்பு அரை கிராமைத் தாண்டாது.

அப்படியானால் உப்பு செய்த காவல் வேலையைச் சூடு செய்ய வேண்டும். கொழுப்பை நீக்கிய கறியை அரை சென்டிமீட்டர் கனத்தில் அரிந்து, அந்த 5 கிராம் உப்போடு மிளகு, பூண்டு, எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசறி, ஃபிரிட்ஜுக்குள்ளேயே ஊறவையுங்கள். பிறகு ஆவியில் முழுமையாக வேகவைத்து, ஆறவிடாமல் உடனே 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓவனில் காயவையுங்கள். ஐந்தாறு மணி நேரம் ஆகலாம். ஒரு துண்டை வளைத்தால் நார் நாராக வெடிக்க வேண்டும். ஈரம் கசியக் கூடாது. இதைப் பழைய உப்புக்கண்டத்தைப்போல ஜாடியில் மாதக்கணக்கில் வைக்க முடியாது. ஃபிரிட்ஜில் ஒரு வாரம் வைக்கலாம். அதற்கு மேல் தேவையென்றால் ஃப்ரீசரில் வையுங்கள்.

இந்துப்பு சேர்த்தால் கெடுதல் இல்லை என்று பலர் நம்புகிறார்கள். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கும். டெல்மிசார்டன் சாப்பிடுபவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் கூடும் வாய்ப்பு ஏற்கெனவே இருப்பதால், மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம்.

அவருடைய சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதை நீங்கள் எழுதவில்லை. முதலில் ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியாட்டினினும், பொட்டாசியமும் பார்த்துவிடுங்கள். 30 கிராம் காய்ந்த கறி என்பது 80 கிராம் பச்சைக் கறிக்குச் சமம். சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் அந்தப் புரதத்தையும் அன்றைய கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும்.