பிறவியிலேயே ரத்தக்குழாய் மாறி இணைந்த என் 9 வயது மகளுக்குக் கல்லீரலில் கட்டிகள் இருக்கின்றன. புற்றுநோயா?

பெரும்பாலும் இருக்காது. ஆனால் "சாதாரணக் கட்டிதான்" என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

என் மகனுக்கு ஏழு வயதில் வயிற்றுவலிக்காக எடுத்த ஸ்கேனில் மூன்று கட்டிகள் தெரிந்தன. அன்றிரவு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. முதலில் போன இடத்தில் கட்டியை மட்டுமே பார்த்தார்கள். இரண்டாவது மருத்துவர்தான் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, குடலிலிருந்து கல்லீரலுக்கு வரவேண்டிய போர்ட்டல் ரத்தக்குழாய் வழியிலேயே, இதயத்துக்கு ரத்தத்தைக் கொண்டுபோகும் கீழ்ப்பெருஞ்சிரையோடு இணைந்திருப்பதைக் காட்டினார்.

நான் டெல்டாக்காரன், அதனால் எனக்கு இது இப்படித்தான் புரிந்தது. கல்லீரலுக்குப் பாயும் ரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இந்த வாய்க்காலில் வருகிறது. கரை உடைந்து தண்ணீர் வடிகாலில் போனால் கடைமடை காயும். அதை ஈடுகட்டக் கல்லீரல் தமனி போர்வெல் போலக் கூடுதலாக இறைக்கிறது. பாய்ச்சல் சீராக இல்லாததால் திசு அங்கங்கே கட்டியாகத் திரள்கிறது. லண்டன் அறுவை மருத்துவர் ஜான் அபெர்னெதி 1793இல் ஒரு பெண் குழந்தையின் உடலில் இந்த மாறிய இணைப்பைக் கண்டு எழுதினார். இன்றும் அவர் பெயரில்தான் அழைக்கிறார்கள்.

இத்தகைய கட்டிகளில் பல, தீங்கற்ற ஃபோகல் நோடுலர் ஹைப்பர்பிளேசியா வகை. சில, அடினோமா என்ற இன்னொரு வகைக் கட்டிகள்; அவற்றில் பீட்டா கேட்டனின் என்ற புரதத்தின் மரபணுவில் மாற்றம் உள்ளவை புற்றாக மாறக்கூடும். எனவே எம்.ஆர்.ஐ., கல்லீரல் புற்றின் அறிகுறியை ரத்தத்தில் தேடும் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் பரிசோதனை இரண்டும் அவசியம். மற்றவற்றிலிருந்து மாறுபட்டுத் தெரிவதையும் வளர்ந்துகொண்டே போவதையும் சிறு துண்டெடுத்துப் பயாப்சி செய்யச் சொல்வார்கள்.

ரத்த அம்மோனியா, இதய எக்கோ பற்றியும் கேளுங்கள். கல்லீரலில் வடிகட்டப்படாத ரத்தம் மூளையையும் நுரையீரலையும் பாதிக்கலாம். என் மகனுக்கு அம்மோனியா அதிகமாக இருந்தது. அது கவனத்தைக் குலைக்கும் என்று தெரியாமல், வகுப்பில் கவனமில்லை என்று இரண்டு வருடம் அவனைத் திட்டியிருக்கிறேன். அது இன்னும் உறுத்துகிறது.

தவறான இணைப்பை மூடுவதுதான் முக்கியச் சிகிச்சை. மூடும் முன் பலூனால் தற்காலிகமாக அடைத்து, போர்ட்டல் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பார்கள். கல்லீரலுக்குள் கிளைகள் மிக மெல்லியவையாக இருந்தால் இரண்டு கட்டமாக மூடுவதும் உண்டு. மூட வழியே இல்லாத சிலருக்கு மாற்றுக் கல்லீரல்.

என் மகனுக்குக் கதீட்டர் வழியாகவே அடைப்பான் வைத்தார்கள். ஒன்றரை வருடத்தில் இரண்டு கட்டிகள் மறைந்தன, மூன்றாவது சுருங்கியிருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். அடுத்தது தை மாதம்.