அந்தப் பொத்தானை அழுத்திப் பார்த்தீர்களா? வீட்டு வயரிங் கேள்வி பதில்

பட்டர்வொர்த்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வயர்மேன் வேலை பார்க்கிறேன். பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வந்த கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிபி பெட்டியின் (வீட்டுக்கு வரும் கரண்டைப் பிரித்து அனுப்பும் சுவிட்சுப் பெட்டி) உள்மூடியைக் கழற்றவோ உள்ளே கை வைக்கவோ நான் யாரையும் சொல்லப்போவதில்லை. சுவிட்சைத் தட்டுங்கள், பொத்தானை அழுத்துங்கள், கண்ணால் பாருங்கள், மூக்கால் முகருங்கள். பாதிக் கோளாறுகள் இதிலேயே பிடிபட்டுவிடும்.

ஆயர் ஈத்தாம், ஒரு அக்கா: குளிக்கும்போது ஹீட்டரைப் போட்டால் தண்ணீரில் லேசாகச் சுர்ரென்று இருக்கிறது. "ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு குளி" என்கிறார் வீட்டுக்காரர். அது போதுமா தம்பி?

போதாது அக்கா. முதலில் ஹீட்டர் சுவிட்சை அணையுங்கள். டிபி பெட்டியில் ஹீட்டருக்கு உரிய எம்சிபியையும் (ஒரு லைனில் கரண்டு மிஞ்சினால் தானே அணையும் சிறு சுவிட்ச்) கீழே தள்ளிவிட்டு, பிள்ளைகள் தெரியாமல் போட்டுவிடாதபடி மேலே ஒரு டேப் ஒட்டுங்கள். செருப்பு காலைத்தான் மறைக்கும். நனைந்த கை குழாயைப் பிடிக்கும், தோள் ஈரச் சுவரில் படும். கரண்டுக்கு அந்த வழி போதும்.

உங்கள் வீட்டில் இரண்டு தப்புகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. ஹீட்டருக்குள் எங்கோ கரண்டு கசிகிறது, அது ஒன்று. பழைய ஹீட்டரில் அது நடக்கக்கூடியதுதான். ஆனால் கசிந்த கரண்டு எர்த் வயர் வழியாகத் தரைக்குப் போயிருக்க வேண்டும், போன உடனே, கசிவைக் கண்டு கரண்டை வெட்டும் ஆர்சிசிபி சுவிட்ச் விழுந்திருக்க (ட்ரிப் ஆகியிருக்க) வேண்டும். இரண்டும் நடக்காததால்தான் அது உங்கள் உடம்பை வழியாக்கிக்கொண்டது. அதனால் ஹீட்டரை மட்டும் மாற்றினால் பாதி வேலைதான் முடியும். எர்த்தையும் ஆர்சிசிபியையும் வயர்மேன் மீட்டர் வைத்துச் சோதிக்க வேண்டும்.

ஆர்சிசிபி செய்வது ஒரு கணக்குத்தான். லைவ் வயரில் உள்ளே போன கரண்டு அத்தனையும் நியூட்ரல் வயரில் திரும்பி வந்ததா என்று பார்க்கும். குறைந்தால் வெட்டிவிடும். எவ்வளவு குறைந்தால் வெட்டும் என்பது அதன் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். நம் நாட்டில் 1994ஆம் ஆண்டின் மின்சார ஒழுங்குவிதிகள் இதைப் பிரித்தே சொல்கின்றன: தரை ஈரமாக இருக்கும் இடத்துக்கு 10 மில்லிஆம்பியர், கையில் பிடித்து வேலை செய்யும் கருவிகளுக்கு 30, மற்றவற்றுக்கு 100. நான் பார்க்கும் பழைய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகள் பலவற்றில் மொத்த வீட்டுக்கும் ஒரே ஒரு 100தான் இருக்கிறது. குளியலறையில் நனைந்து நிற்கும் ஆளை அந்த 100 காப்பாற்றும் என்று நம்ப முடியாது. ஹீட்டருக்கென்று தனியாக ஒரு 10 போடச் சொல்லுங்கள் அக்கா. ஹீட்டருக்குள்ளேயே வெட்டும் பொத்தான் இருந்தாலும் இதைப் போடுங்கள்.

புக்கிட் மெர்தாஜாம், ஒரு தம்பி: அண்ணே, மழை பெய்தாலே ஆர்சிசிபி விழுகிறது. இடி இடித்தால் கேட்கவே வேண்டாம். சில நேரம் மேலே தள்ளினால் நிற்கிறது, சில நேரம் நிற்பதில்லை.

இடி நேரத்தில் ஒரு தடவை விழுந்து, மேலே தள்ளியதும் நின்றுவிட்டால் அது கம்பியில் வந்த அலையாக இருக்கலாம். நம் ஊர் இடிக்கு அது நடக்கும். டிபி பெட்டியில் அந்த அலையைத் தடுக்கும் சர்ஜ் தடுப்பான் ஒன்று போட்டால் டிவியும் வைஃபை பெட்டியும் பிழைக்கும். ஆனால் இடியே இல்லாமல் வெறும் மழைக்கும் விழுகிறது என்றால், எங்கோ தண்ணீர் இறங்குகிறது. வெளி கேட் விளக்கு, பின்கட்டு சாக்கெட், ஆட்டோ கேட் மோட்டார், கூரைக்கு மேலே ஓடும் வயர் இவற்றைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கை உலர்ந்திருக்கட்டும். எல்லா எம்சிபிகளையும் கீழே தள்ளுங்கள். ஆர்சிசிபியை மேலே தள்ளுங்கள், பெரும்பாலும் நிற்கும். பிறகு எம்சிபிகளை ஒவ்வொன்றாக மேலே போடுங்கள். எதைப் போட்டதும் ஆர்சிசிபி விழுகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. அதைக் கீழேயே விட்டுவிட்டு மற்றவற்றைப் போட்டுக்கொள்ளலாம். வயர்மேன் வந்ததும் எந்த லைன் என்று சொல்லுங்கள், அவர் தேடும் நேரம் மிச்சம்.

எல்லா எம்சிபிகளும் கீழே இருக்கும்போதும் ஆர்சிசிபி நிற்கவில்லையா? பலர் இங்கேதான் "ஆர்சிசிபி கெட்டுவிட்டது" என்று முடிவு செய்து புதிது வாங்குகிறார்கள். அவசரப்பட வேண்டாம். வீட்டு எம்சிபி பெரும்பாலும் லைவை மட்டுமே வெட்டும், நியூட்ரல் எல்லாம் பெட்டிக்குள் சேர்ந்தே இருக்கும். எங்கோ ஒரு நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், எம்சிபியை அணைத்தும் பயன் இருக்காது. சாக்கெட்டுகளில் செருகியிருப்பதை எல்லாம் உருவிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் விழுந்தால் வயர்மேன் ஒவ்வொரு லைனாகப் பிரித்து மெக்கர் (வயர் உறையில் கசிவு உண்டா என்று அளக்கும் மீட்டர்) வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ், வாடகைக்கு இருக்கும் தங்கச்சி: ஏர்கானையும் ஏர் பிரையரையும் ஒன்றாகப் போட்டால் எம்சிபி விழுந்துகொண்டே இருந்தது. வீட்டுக்காரர் அனுப்பிய ஆள் 20 ஆம்பியர் எம்சிபியை எடுத்துவிட்டு 32 ஆம்பியர் போட்டார். இப்போது விழுவதே இல்லை. ஆனால் சுவர் சாக்கெட் சூடாகிறது.

இதைப் படித்ததும் எனக்கு மனம் கேட்கவில்லை தங்கச்சி. எம்சிபி காப்பது சுவருக்குள் இருக்கும் வயரை. சாக்கெட் லைனில் வழக்கமாக ஓடுவது 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், அதற்கு ஏற்றதுதான் 20. அதில் 32 போட்டால், வயர் சூடேறி மேலுறை இளகும் வரைகூட எம்சிபி சும்மா இருக்கும். உங்கள் சாக்கெட் அதைத்தான் சொல்கிறது. ஏர்கானுக்குத் தனி வயர், தனி எம்சிபி வேண்டும். அதுவரை இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள், சூடான சாக்கெட்டைப் பயன்படுத்தவே வேண்டாம். 32 என்ற எண் தெரியும்படி டிபி பெட்டியைப் படம் எடுத்து, பழைய 20ஐயே திரும்பப் போடச் சொல்லி வீட்டுக்காரருக்கு எழுத்தில் அனுப்புங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் பிறையில் ஒரு தாமான் வீட்டுக்குப் போனேன். "எங்கள் வீட்டில் ட்ரிப்பே ஆகாது" என்று அந்த வீட்டுப் பாட்டி சந்தோஷமாகச் சொன்னார். டிபி மூடியைத் திறந்தேன். ஆர்சிசிபி அதன் இடத்தில் அழகாக உட்கார்ந்திருந்தது, நெம்புகோல் மேலே இருந்தது. ஆனால் மெயினிலிருந்து வந்த சிவப்பு வயரும் கறுப்பு வயரும் அதைத் தொடாமல், ஓரமாக வளைந்து நேரே எம்சிபி வரிசைக்குப் போயிருந்தன. அடிக்கடி விழுகிறது என்று யாரோ அதைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்த வீட்டில் நான்கு பேரப்பிள்ளைகள். அன்று மாலையே சரிசெய்தேன். முன்பு அடிக்கடி விழுந்ததற்கான காரணம் சமையலறை ஐஸ் பெட்டிக்குப் பின்னால் இருந்தது: எலி கடித்த ஒரு வயர்.

டத்தோ கிராமாட், ஒரு அண்ணன்: சமையலறைப் பக்கம் மீன் வாடை அடிக்கிறது. மீன் வாங்கவே இல்லை.

சாக்கெட்டை முகர்ந்து பாருங்கள் அண்ணே. சாக்கெட், சுவிட்ச், பிளக் செய்யும் சிலவகைப் பிளாஸ்டிக் சூடேறினால் அப்படித்தான் வாடை வரும். அந்த லைனின் எம்சிபியை உடனே அணையுங்கள். போன மாதம் இப்படி ஒரு சாக்கெட்டைக் கழற்றினேன். வெளியே வெள்ளை வெளேரென்று இருந்தது. பின்பக்கம் லைவ் திருகைச் சுற்றி டீக்கறை போல ஒரு வட்டம், வயரின் சிவப்பு உறை கருகி விரல் நுனியில் பொடியாக உதிர்ந்தது. திருகு கால் சுற்றுதான் தளர்ந்திருந்தது. கெட்டில், அரிசிக் குக்கர் என்று தினமும் இழுக்கும்போது அந்த இடைவெளியில் சூடு சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. இதற்கு ஆர்சிசிபியும் விழாது, எம்சிபியும் விழாது. உங்கள் மூக்குதான் எச்சரிக்கை மணி.

செந்தூல், ஒரு அம்மா: மகன் போன் சார்ஜரைச் செருக, பேனா முனையால் மேல் ஓட்டையைக் குத்திக்கொண்டு இரண்டு முள் பிளக்கைத் தள்ளுகிறான்.

நிறுத்தச் சொல்லுங்கள் அம்மா. நம் மூன்று முள் பிளக்கின் நீளமான எர்த் முள் முதலில் உள்ளே போனால்தான் கீழே இருக்கும் இரண்டு ஓட்டைகளின் கதவும் திறக்கும். பிள்ளை விரலோ ஊசியோ போகாமல் இருக்கத்தான் அந்தக் கதவு. பேனாவால் திறந்து இரண்டு முள்ளைச் செருகினால் பிடிமானமும் இருக்காது, பொறி பறக்கும். சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை உள்ள அடாப்டர் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

பாயான் லெப்பாஸ், ஒரு தம்பி: அண்ணே, சாக்கெட்டை நானே மாற்றலாமா? வீடியோ பார்த்தேன். நீலம் நியூட்ரல் என்றார்கள்.

வேண்டாம் தம்பி. நீங்கள் எழுதிய அந்த நீலமே போதும், காரணத்தைச் சொல்கிறேன். மின்விசிறி, ஐஸ் பெட்டி போன்றவற்றிலிருந்து வரும் வளையும் வயரில் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல். சரிதான். ஆனால் நம் வீட்டுச் சுவருக்குள் ஓடும் வயரில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் லைவாக இருக்கலாம், நியூட்ரல் கறுப்பு. மூன்று ஃபேஸ் (மூன்று லைவ் வயர்) வந்த வீட்டில் ஒரு அறைக்கு நீல ஃபேஸ் போயிருக்கும். வெளிநாட்டு வீடியோவை நம்பி அந்த நீலத்தை நியூட்ரல் என்று பிடித்தால் 230 வோல்ட். இன்னொன்று, மெயின் சுவிட்சை அணைத்தாலும் அதற்கு மேலே மீட்டரிலிருந்து வரும் முனையில் கரண்டு இருந்துகொண்டேதான் இருக்கும்.

ஜார்ஜ்டவுன், கடைவீட்டில் இருக்கும் ஒரு ஐயா: போருக்கு முந்தைய வீடு. மரச்சட்டத்தில் ஆணி அடித்து ஓட்டிய பழைய வயர், வட்ட முள் சாக்கெட் இரண்டு, பீங்கான் பியூஸ். இத்தனை ஆண்டு ஒன்றும் ஆகவில்லையே?

ஐயா, அந்த வயரின் உறை ரப்பர். தொடாமல் விட்டதால் இடத்திலேயே நிற்கிறது. காய்ந்துபோன ரப்பரை ஒரு தடவை வளைத்தால் முறுக்கு மாதிரி நொறுங்கும். அதனால் பழைய வயரில் ஒட்டுப்போட்டுப் புதிய விளக்கு இழுக்கவே கூடாது. முழு வீட்டையும் ஒரே நேரத்தில் மாற்ற முடியாவிட்டால் முதலில் புதிய டிபி பெட்டி, ஆர்சிசிபி, நல்ல எர்த், பிறகு சமையலறையும் குளியலறையும், அதன்பின் மற்ற அறைகள் என்று போகலாம். மரத்தளமும் ஓட்டுக்கூரையும் உள்ள வீடு, பக்கத்து வீட்டோடு ஒட்டியது. தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள் ஐயா.

ஜாலான் பி. ராம்லி, ஒரு அக்கா: 2017 வெள்ளத்தில் சாக்கெட் வரை தண்ணீர் வந்தது. காய்ந்ததும் போட்டுவிட்டோம். அது தப்பா?

அப்போது தப்பித்தீர்கள் அக்கா. வெளியே காய்ந்தாலும் சாக்கெட்டுக்குள் சேறும் உப்பும் தங்கிவிடும். இனி ஒருமுறை வந்தால், தண்ணீர் ஏறும் முன்பே, நீங்கள் நிற்கும் இடம் உலர்ந்திருக்கும்போதே, மெயினை அணையுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு டிபி பெட்டியைத் தொடவே கூடாது, அப்போது மின்சார நிறுவனமான டிஎன்பியின் 15454ஐ அழையுங்கள். வடிந்தபின் நனைந்த சாக்கெட்டுகளை மாற்றி, வயர்மேன் மெக்கர் வைத்துப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் மெயின்.

பாகான் டாலாம், ஒரு அண்ணன்: யாருக்காவது கரண்டு பிடித்துக்கொண்டால் கையைப் பிடித்து இழுக்கலாமா?

கூடாது. இழுக்கும் உங்களையும் பிடிக்கும். மெயினை அணையுங்கள். அது முடியாவிட்டால் உலர்ந்த துடைப்பக் கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ வயரிலிருந்து தள்ளிவிடுங்கள். உடனே 999. மூச்சில்லை என்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருங்கள். எழுந்து உட்கார்ந்து "ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். இதயத் துடிப்பைப் பார்க்க வேண்டும்.

கெப்போங், ஒரு தங்கச்சி: நல்ல வயர்மேன் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகா கொடுத்த தகுதிச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். கேட்டால் கோபப்படுகிறவர் வேண்டாம். புது வயரிங் செய்தால் போராங் ஜி, போராங் எச் என்ற படிவங்கள் இரண்டும் கையெழுத்தோடு உங்கள் கையில் வர வேண்டும். ஒன்று வேலையை மேற்பார்வை பார்த்து முடித்ததற்கு, மற்றது சோதித்ததற்கு.

ஆயர் ஈத்தாம் அக்கா மறுபடியும்: தம்பி, நீங்கள் சொன்னபடி ஹீட்டரை அணைத்துவிட்டேன். அப்புறம் ஆர்சிசிபியில் "டி" என்று போட்ட சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். விழவே இல்லை.

வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்ததா அக்கா? கரண்டு இல்லாதபோது அழுத்தினால் விழாது. விளக்கு எரிந்தும் விழவில்லை என்றால், உங்கள் வீட்டில் ஆர்சிசிபி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டு யாரும் அழுத்தாமல் விட்டால் உள்ளே அசையும் பாகம் இறுகிவிடும், அதனால்தான் மாதம் ஒருமுறை அழுத்தச் சொல்கிறோம். இன்று இரவு ஹீட்டர் வேண்டாம், வாஷிங் மெஷின் வேண்டாம், இஸ்திரிப் பெட்டி வேண்டாம். நாளை காலையில் வயர்மேனைக் கூப்பிட்டு மாற்றுங்கள், எர்த்தையும் அளக்கச் சொல்லுங்கள். அவர் வேலை முடித்துக் காசு வாங்குவதற்கு முன், புதியதில் அந்தப் பொத்தானை நீங்களே ஒரு தடவை அழுத்திப் பாருங்கள்.