மிலானிலிருந்து ஒருநாளில் வரென்னா

முழங்கால் வலியுள்ள அம்மாவோடு ஒரே நாளில் இத்தாலியின் கோமோ ஏரிக்குப் போய்வர, அதன் கரையிலுள்ள ஊர்களில் பெல்லாஜியோவா வரென்னாவா என்று கேட்டிருக்கிறீர்கள். யோசிக்கவே வேண்டாம், வரென்னாதான். மிலான் சென்ட்ராலே ஸ்டேஷனிலிருந்து திரானோ போகும் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரம் சொச்சத்தில் வரென்னா-எசினோ ஸ்டேஷன். இடப்பக்கம் உட்காருங்கள், லெக்கோ ஊரைத் தாண்டியதும் ஏரி கூடவே வரும். காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் ஸ்டேஷனில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் முத்திரை குத்திவிடுங்கள், மறந்தால் அபராதம்.

படகுத்துறையிலிருந்து ஊருக்குள் போக, தண்ணீரை ஒட்டியே சிவப்புக் கம்பிக் கைப்பிடி போட்ட நடைபாதை ஒன்று இருக்கிறது, அம்மா அதைப் பிடித்துக்கொண்டு நிதானமாக நடக்கலாம், அலை காலுக்குக் கீழேயே அடிக்கும். பெல்லாஜியோவின் சந்துகள் எல்லாம் செங்குத்தான படிக்கட்டு, வேண்டாம். அப்புறம், அவருக்கு ஆசையாக இருந்தால் படகில் எதிர்க்கரை ஊரான மெனாஜ்ஜோ போய்த் திரும்புங்கள், உட்கார்ந்தபடியே மலை முழுக்கப் பார்த்துவிடலாம்.